விற்றுப்போன புதன்கிழமை

அன்று ஜவ்வரிசி காயும் களத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருவரும் தாம் அங்கே இல்லை என்று மறுக்கக் கூடாது. மூத்தவர் செங்கோடன் இருந்தார். அவருக்கு அடுத்த காளியண்ணனும், ஆண்மக்களில் இளையவரான அத்தியப்பனும் இருந்தார்கள். மூவருக்கும் ஒரே தங்கையான பாவாயி இருந்தாள். பாவாயியின் மகள் மரகதம் சற்றுத் தள்ளி நின்றாள். ஒரு வெள்ளாடும் இருந்தது. வாய் நிறைய ஜவ்வரிசி இருந்தபடியால் அது பேச்சில் கலந்துகொள்ளவில்லை.

ஊர் தவளைக்குளம்; ஆத்தூருக்குப் பக்கம். சகோதரர்கள் மூவரும் சேர்ந்து ஒரு சிறிய ஜவ்வரிசி ஆலை நடத்தினார்கள். நாணயமானவர்கள். யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்பவர்கள். அவர்களிடம் இருந்த குறை அது ஒன்றுதான். அது போதுமானதாக இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்பு சேலத்தில் ஓர் இலவச விருந்துக்குப் போனவர்களை, கழுத்தில் டை கட்டிய இளைஞன் ஒருவன் பிடித்துக்கொண்டான். ஏற்காட்டில் ஒரு விடுதி அறை. ஆண்டுதோறும் ஒரு வாரம் தங்கிக்கொள்ளலாம். அந்த உரிமை விலைக்கு. "வைகாசி மாசம் ரெண்டாவது வாரம் இனிமே உங்களுடையது சார்" என்று அவன் கையைக் குலுக்கினான். மூவரும் பணத்தைக் கட்டி, கூடவே கொடுத்த குக்கரையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அறை ஒன்று கிடைத்தது என்று அவர்கள் நினைக்கவில்லை. வாரம் ஒன்று கிடைத்தது என்றே நினைத்தார்கள். உலகத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் நாட்களில் ஏழு நாட்கள் தங்கள் பெயருக்கு வந்துவிட்டன என்பது அவர்கள் கணக்கு.

முதல் ஆண்டு அந்த ஏழு நாளும் அடைமழை. சரக்கு நனைந்து வந்திருக்கிறது என்று விடுதி மேலாளரிடம் புகார் கொடுத்தார்கள். இன்னோர் ஆண்டு காளியண்ணனுக்குப் பொன்னுக்குவீங்கி. காசு கொடுத்து வாங்கிய வாரத்தை வீணடிக்கக் கூடாதென்று, பூசணிக்காய் போன்ற முகத்துடன் அவரும் மலையேறினார். அத்தை ஒருத்தி சரியாக அந்த வாரத்தில் காலமானபோது, எங்கள் வாரத்தில் நடக்கும் காரியத்தை ஏற்காட்டில் வைத்துக்கொள்வதே முறை என்று சொல்லி அனுப்பினார்கள். பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. அதையும் கட்டினார்கள். வாரம் வளர்ந்திருக்கும் என்றார் அத்தியப்பன்.

இப்போது களத்துக்கு வருவோம்.

"மரகதத்துக்கு வைகாசி ரெண்டாவது புதன்கிழமை முகூர்த்தம் குறிச்சாச்சுங்கண்ணா" என்றாள் பாவாயி.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அது எங்க வாரமாச்சே அம்மிணி" என்றார் செங்கோடன்.

மாப்பிள்ளை பட்டாளத்தில் இருந்தான். அந்த வாரம்தான் அவனுக்கு விடுப்பு. தவறினால் அடுத்த விடுப்பு எப்போது என்று அவனுடைய அதிகாரிக்கே தெரியாது. தாய்மாமன் தன் கையால் நெற்றிப்பட்டம் கட்டிவிடாத பெண்ணின் கழுத்தில் என் மகன் தாலி கட்டமாட்டான் என்று சம்பந்தி வேறு கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மரகதத்துக்குத் தாய்மாமன்கள் மூன்று பேர். மூன்று பேரும் அந்த வாரம் ஏற்காட்டில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"அப்படீன்னா அந்த வாரத்தை வித்துத் தொலைங்க" என்றாள் பாவாயி. அன்றைக்கு அவள் சொன்னவற்றில் இதை மட்டும் அவர்கள் மனத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

சேலத்தில் கோகிலவாணி என்ற வக்கீல் இருந்தார், தூரத்து உறவு. அவர் பொறுமையாகவே சொன்னார். இப்படிப்பட்ட வாரங்களை விற்றுத் தருகிறோம் என்று கிளம்பியிருக்கும் கம்பெனிகளில் பாதி மோசடி. வேலை முடிவதற்கு முன்னால் பணம் கேட்பவனை நம்பாதீர்கள். ஒரே இடத்தில் நிலையாக இருக்கும் கம்பெனியா என்று நேரில் போய்ப் பாருங்கள். அங்கே முன்பு போனவர்களை விசாரியுங்கள். பத்திரத்தை வரி விடாமல் படித்து அதன்படி நடந்துகொள்ளுங்கள். இவ்வளவுதான் சொன்னார். இதில் ஒரு பிழையும் இல்லை என்பதை நான் அந்தப் பெண்ணுக்காகப் பதிவு செய்கிறேன்.

திரும்பும் பேருந்தில் நடத்துனர் வந்து டிக்கெட் கேட்டார்.

"ஊர் வந்ததும் தர்றமுங்க" என்றார் காளியண்ணன். "வேலை முடியறதுக்கு முன்னால காசு கேக்கற ஆளை நம்பவேண்டாம்னு வக்கீலம்மா சொல்லியிருக்காங்க."

நடத்துனர் விசிலை ஊதினார். மூவரும் வாழப்பாடிக்கு முன்னால் இறங்கி நடந்தார்கள். வெயில் கடுமையாக இருந்தது. ஆனாலும் முதல் மோசடியிலிருந்து தப்பிவிட்ட பெருமிதத்தில் அவர்களுக்குக் கால் வலி தெரியவில்லை.

அடுத்த வாரம் விளம்பரத்தில் பார்த்த ஒரு கம்பெனிக்குப் போனார்கள். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், வரவேற்பறையில் வாடிய முகத்துடன் நாலைந்து பேர். முன்பு வந்தவர்களை விசாரிக்க வேண்டுமல்லவா? அத்தியப்பன் விசாரித்தார். ஒருவர் இரண்டு ஆண்டுகளாக வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். இன்னொருவர், எப்போது வந்தாலும் அடுத்த மாதம் வரச் சொல்கிறார்கள் என்று கண்கலங்கினார்.

"பாத்தீங்களாண்ணா" என்று அத்தியப்பன் மூத்தவரிடம் வந்து சொன்னார். "ஒருக்கா வந்தவங்க விடவே மாட்டேங்கறாங்க. அப்படியொரு கம்பெனி."

அங்கேயே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஆனால் உள்ளே இருந்தவன், துபாயில் ஆள் தயாராக இருக்கிறார், கட்டணத்தை மட்டும் முதலில் கட்டிவிடுங்கள் என்றான். விற்று முடிந்ததும் தருகிறோம் என்றார்கள் இவர்கள். அவன் முதலில் என்றான். இவர்கள் பிறகு என்றார்கள். மாலை வரை இது நடந்தது. கடைசியில் அவனே விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். ஏமாற்றுவது இத்தனை உழைப்புக் கேட்கும் தொழில் என்று அவன் அதுவரை அறிந்திருக்க மாட்டான்.

இரண்டாவது கம்பெனியை அமலோற்பவம் என்ற அம்மாள் நடத்தினார். சிறிய ஓட்டுக் கட்டடம். இவர்கள் உள்ளே போகவில்லை. எதிர்ப்புறத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, கட்டடம் நிலையாக இருக்கிறதா என்று நாள் முழுதும் பார்த்தார்கள். சந்தேகத்துக்கு இடமிருக்கக் கூடாதென்று காளியண்ணன் போய்ச் சுவரோரமாகத் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுவிட்டு வந்தார். மறுநாள் காலை வந்து பார்த்தபோது கட்டடம் கோட்டைத் தாண்டவில்லை. அதன் பிறகே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள்.

அமலோற்பவம் நாணயமான பெண்மணி. விற்ற பிறகே தரகு என்றார். சொன்னபடி ஓர் ஆளையும் கொண்டுவந்தார். பெயர் பொன்னுரங்கம், தர்மபுரிக்காரர், ஓய்வுபெற்ற நில அளவையாளர். பணிக்காலம் முழுவதும் வரப்புச் சண்டைக்காரர்களின் கூச்சலைக் கேட்டவர். குளிர்ந்த இடத்தில், யாரும் தம்மிடம் பேசாத ஒரு வாரம் வேண்டும் என்பதே அவருடைய ஆசை. விலை படிந்தது.

பணம் கைமாறும் நேரத்தில்தான் அமலோற்பவம் அந்த வாக்கியத்தைச் சொன்னார். பணம் வாங்கிப் பத்திரத்தை முடித்துக்கொடுக்கும் வேலையைத் தாம் செய்வதில்லை என்றும், இரு தரப்புக்கும் பொதுவான ஒருவரிடம் பணத்தை ஒப்படைத்து அவர் முன்னிலையில் பத்திரத்தை மாற்றிக்கொள்வதே பாதுகாப்பு என்றும், அதற்கென்றே கம்பெனிகள் இருப்பதாகவும், பார்த்துத் தேர்ந்தெடுக்கும்படியும் சொன்னார். சகோதரர்கள் வெளியே போய் ஆலோசித்தார்கள்.

"எந்தப் பக்கமும் சாயாத ஆளா இருக்கோணும்" என்றார் செங்கோடன்.

"முன்பணம் கேக்கக் கூடாது" என்றார் காளியண்ணன்.

"இடத்தை விட்டு நகராத ஆளா இருக்கோணும்" என்றார் அத்தியப்பன். "இன்னிக்கு இருந்தா நாளைக்கும் அங்கயே இருக்கோணும்."

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். பிறகு மூவர் முகமும் ஒரே சமயத்தில் மலர்ந்தது.

தவளைக்குளம் மாரியம்மன் கோயிலில், அம்மன் முன்னிலையில், பொன்னுரங்கம் பணக்கட்டை நீட்டினார். செங்கோடன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்டியலில் போட்டார். பொன்னுரங்கம் வாயைத் திறந்தார். பிறகு, இவர்கள் பணம், இவர்கள் ஊர் வழக்கம் என்று எண்ணி மூடிக்கொண்டார். பத்திரம் கைமாறியதும் செங்கோடன் பணத்தைத் திருப்பிக் கேட்டார். உண்டியலில் விழுந்தது அம்மனுக்குச் சொந்தம்; எவருக்கும் திருப்பித் தருவதற்கில்லை என்றார் கோயில் அதிகாரி.

"எவருக்கும்னு சொன்னாரு, கேட்டீங்களா?" என்றார் அத்தியப்பன் மகிழ்ச்சியாக. "நம்ம பக்கமும் சாயல, அவரு பக்கமும் சாயல."

பத்திரத்தை அவர்கள் வரி விடாமல் படித்திருந்தார்கள். மேற்படி வாரத்தை வாங்குபவராகிய தாங்களே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. இனி அதில் எங்களுக்கோ எங்கள் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் இல்லை என்று எழுதியிருந்தது. அதன்படி நடக்க வேண்டும் என்பதும் நினைவிருந்தது. ஆகவே சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியிலிருந்து அந்த ஏழு தாள்களையும் கிழிந்துவிடாமல் கழற்றி, வெற்றிலை பாக்குடன் பொன்னுரங்கத்திடம் ஒப்படைத்தார்கள். அவர் தாள்களைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பேசாமல் இருப்பதில் அவருக்கு அப்போதே நல்ல பழக்கம் இருந்தது.

வைகாசி இரண்டாம் வாரம் வந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை மாமன் சீர் மண்டபத்துக்கு வந்து சேரவில்லை. பாவாயி அண்ணன்மார் வீட்டுக்கு நடந்தாள். ஒரு நீளமான பெஞ்சில் மூவரும் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"இங்க என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணல அம்மிணி" என்றார் செங்கோடன், கண்ணைத் திறக்காமல். "இது அடுத்தவர் வாரம். அவரோடதை நாம தொடக் கூடாது."

"விக்கச் சொன்னது நீங்க கல்யாணத்துக்கு வர்றதுக்குத்தானே?"

"வித்துட்டமே. வித்த பொறகு அதுக்குள்ள எப்படி வர்றது? தென்னந்தோப்பை வித்துட்டு மறுநாள் போய் இளநி பறிப்பமா?"

"மூச்சு விடறதே கடன்தான்" என்றார் காளியண்ணன். "அடுத்த திங்கக்கிழமை சேத்துக் குடுத்தரலாம்னு இருக்கறோம்."

பாவாயி அழவில்லை. அவள் அந்தக் குடும்பத்தில் பிறந்தவள்தான். என்றாலும், வாதாடிப் பயனில்லை என்பதைத் தெரிந்துகொள்ளும் அறிவு அவளுக்கு எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. வாரத்துக்குச் சொந்தக்காரர் வாயால் சம்மதம் வந்தால் ஒழிய இவர்கள் அசையமாட்டார்கள். விடியற்காலையில் ஏற்காட்டுக்குக் கார் அனுப்பினாள். மாமன்மாரை ஊர்க்காரர்கள் பெஞ்சோடு தூக்கிக்கொண்டுபோய் மணமேடைக்கு அருகில் இறக்கினார்கள். தாமாக நடந்து வராததால் அவர்களும் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் கண்ணைத் திறக்கவுமில்லை.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்பு கார் திரும்பியது. குரங்குக் குல்லாய், கம்பளிச் சட்டை, தோளில் சால்வையோடு பொன்னுரங்கம் இறங்கினார். நாதஸ்வரம் அவர் காதருகில் வாசித்தது. நூறு பேர் ஒரே சமயத்தில் அவரிடம் பேசினார்கள். சம்பந்தி ஒரு கையில் கடிகாரத்தையும் மறு கையில் மகனையும் பிடித்துக்கொண்டு நின்றார். மரகதம் வெறும் நெற்றியோடு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். பாவாயி நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள்.

பொன்னுரங்கம் சட்டைப் பைக்குள் கையை விட்டார். ஏழு தாள்களும் அங்கேயே இருந்தன. புதன்கிழமையை மட்டும் எடுத்து, "இந்தாங்க, இன்னிக்கு உங்களுது" என்று செங்கோடனிடம் நீட்டினார்.

செங்கோடன் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"சும்மா வாங்கலாமுங்களா? நாளைக்கு உங்க வாரிசு வந்து கேட்டா? முறைப்படி கிரயம் பண்ணோணும். பொது ஆள் முன்னால பண்ணோணும்."

"அம்மன் முன்னால" என்றார் காளியண்ணன்.

"இன்னிக்குக் கோயில் நடை சாத்தியாச்சுங்க" என்றார் அத்தியப்பன். "சாயங்காலம் தெறப்பாங்க."

அங்கே சடங்கு நடத்திவைக்க வந்திருந்த அருமைக்காரர் என்ற பெரியவர் குறுக்கிட்டு, பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். அவரும் தவளைக்குளத்துக்காரர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்ற இடத்தில் விரலை வைத்து, இன்னொரு முறை படித்தார். இந்த வாரத்தில் அண்ணன்மாருக்கு ஒரு பாத்தியமும் இல்லை. இந்த வாரத்துக்குள் அடங்கிய எல்லா உரிமையும், தாய்மாமன் உரிமை உட்பட, குல்லாய் போட்டவருக்கே சேரும் என்று தீர்ப்புச் சொன்னார். சம்பந்தியும் வாங்கிப் பார்த்தார். பத்திரத்தில் முத்திரை இருந்தது. அவருக்கு அது போதும்.

யாரோ பட்டத்தைப் பொன்னுரங்கத்தின் கையில் கொடுத்தார்கள்.

அவர் அதைப் பார்த்தார். மேடையேறினார். குல்லாயைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தாம் அதுவரை கண்டறியாத ஒரு பெண்ணின் நெற்றியில், நில அளவையாளருக்கே உரிய துல்லியத்தோடு, இம்மியும் கோணாமல் பட்டத்தைக் கட்டினார். கெட்டிமேளம் முழங்கியது. பட்டாளத்துக்காரன் தாலி கட்டினான். பெஞ்சிலிருந்த மூவரும் மூடிய கண்களிலிருந்து ஆனந்தக் கண்ணீர் வடித்தார்கள். அடுத்த கணமே, அடுத்தவர் வாரத்தில் அழுதுவிட்டோமே என்று துடைத்துக்கொண்டார்கள்.

மரகதமும் மாப்பிள்ளையும் பொன்னுரங்கத்தின் காலில் விழுந்து எழுந்தார்கள். செங்கோடன் இருந்த இடத்திலிருந்தே, மூடிய கண்களோடு, அவர் இருக்கும் திசையை உத்தேசமாகக் கும்பிட்டார்.

"ரொம்ப சந்தோசமுங்க. இன்னொரு சங்கதி. வர்ற வருசம் இதே வாரத்துல காளியண்ணன் பேத்திக்குக் காது குத்து வெச்சிருக்கறோம். மடியில வெச்சுக்கறது மாமன் மொறை. நீங்க காலையிலயே வந்தரோணும்."

பொன்னுரங்கம் குல்லாயைத் தலையில் மாட்டிக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டார். சட்டைப் பையிலிருந்த தாள்கள் எல்லாவற்றையும் எடுத்து, மொய் எழுதும் மேசையின் மேல் வைத்தார். பிறகு வாழைமரம் கட்டிய வாசலைத் தாண்டி நடந்து போய்விட்டார்.