மூன்று தட்டுக்கு மூன்று பதில்

மருதங்காட்டின் நடுவே ஒரு பொந்து மரம் நின்றது. அதன் வேருக்கடியில் நூற்றுக்கணக்கான வளைகள். காட்டிலிருந்த எல்லாரும் கோடைக்கான தீனியை அங்கேதான் போட்டு வைப்பார்கள். எது எந்த வளையில் கிடக்கிறது என்று, உள்ளே குடியிருந்த எறும்புதின்னியான அழுங்குக்கு மட்டும்தான் தெரியும். பொந்து வாயில் நின்று கேட்டால் போதும். இருட்டில் இறங்கி, மோந்து பார்த்து, எடுத்து வந்து நீட்டும். அதன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. இரண்டு நீள நகங்கள் மட்டும் வெளியே வரும்.

அந்தக் கோடையில் நகங்கள் வரத் தாமதமாயிற்று. கீச்சி என்ற அணில் தன் இரண்டு குட்டிகளோடு காலையில் வந்து நின்றால், பொழுது சாயும்போதுதான் ஒரு கொட்டை கிடைத்தது. கரடி ஒரே மூச்சில் பத்துத் தேனடை கேட்பதுதான் காரணம் என்று எல்லாருக்கும் தெரியும். கரடியிடம் சொல்லத்தான் தைரியமில்லை. கூட்டம் போடத் தைரியம் இருந்தது.

மரங்கொத்தி தன் வழியைச் சொன்னது. தான் மரத்தை மூன்று தரம் தட்டும்; அழுங்கு உள்ளிருந்து வாலால் ஒரு தரம் தட்ட வேண்டும். பதில் வருகிற வேகத்தை வைத்தே அதன் நிலைமை தெரிந்துவிடுமாம். கீரி உதட்டைச் சுழித்தது. தான் வாசலில் உட்கார்ந்து, யாருக்கு முதலில், யாருக்கு எவ்வளவு என்று பிரித்துவிடுவதாகச் சொன்னது. அதற்கு அழுங்கு அடிக்கடி மேலே வந்து, எந்த வளையில் நிற்கிறோம் என்று சொல்லிப் போனால் போதுமாம்.

எது உசத்தி? நான்கு நாள் பேசினார்கள். கடைசியில் இரண்டையும் ஒன்றாக நடத்தி ஒப்பிட்டுப் பார்ப்பதென்று முடிவானது. நல்ல முடிவு, போங்கள்.

அன்றிலிருந்து காடு முழுக்க டக், டக், டக். மண்ணுக்கடியிலிருந்து சோர்ந்துபோய் ஒரு டொக். நடுநடுவே கீரியின் கூச்சல்.

ஒரு நாள் கீச்சி பொந்துக்குள் தலையை நீட்டிக் கொட்டை கேட்டாள். காதுக்கு மிக அருகில், இருட்டிலிருந்து குரல் வந்தது.

“பாதி வழி இறங்கினால் தட்டுகிறார்கள். ஏறி வந்து பதில் தட்டினால் கீரி கூப்பிடுகிறது. உன் கொட்டையை எடுக்க நான் எப்போது போவேன், சொல்லு தாயி.”

அவள் கூட்டத்தில் போய்ச் சொன்னாள். “வரிசையில நில்லும்மா, கதை சொல்லாதே,” என்றது கீரி. அது தன் முறையின் கோளாறே இல்லை, கீரியால் வந்த வினை என்றது மரங்கொத்தி.

அதற்கு மூன்றாம் நாள் அதிசயம் நடந்தது. மரங்கொத்தி தட்டிவிட்டு அலகை எடுக்கும் முன்பே பதில் வந்தது. “பார்த்தீர்களா, என் முறை!” என்று மரங்கொத்தி கூவ, வாசலை ஒழுங்கு பண்ணியது யார் என்று கீரி கேட்க, காடே கொண்டாடியது. அன்று ஒருவர் கைக்கும் ஒன்றும் வரவில்லை. அந்தச் சந்தோஷத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பசியில் அழுத இரண்டு குட்டிகளைத் தவிர.

கீச்சி மட்டும் எண்ணிப் பார்த்தாள். தட்டு மூன்று. பதிலும் மூன்று. அவள் வால் மயிர் சிலிர்த்தது.

“அழுங்கு ஒரு தரம்தானே தட்டும்?”

“உற்சாகத்தில் தட்டுகிறது,” என்றது மரங்கொத்தி.

குட்டிகளை வெளியே நிறுத்திவிட்டு அவள் உள்ளே போனாள். சில்லென்றிருந்தது. முதல் வளைவிலேயே காலில் செதில்கள் இடறின. அழுங்கு பந்தாகச் சுருண்டு கிடந்தது. தள்ளினாள், லேசாக உருண்டு நின்றது, அவ்வளவுதான். அப்போது மேலே டக், டக், டக். மரத்தின் வெறும் வயிறு அதை வாங்கி, அவள் தலையைச் சுற்றி, அப்படியே திருப்பிச் சொன்னது: டக், டக், டக். பக்கத்தில் எதுவும் அசையவில்லை. வெளியே ஆரவாரம் கேட்டது.

வந்து சொன்னாள். “சும்மா இரு, பதில் வந்துகொண்டிருக்கிறது,” என்றார்கள். ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு, இன்னொன்றை முன்னால் விரட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்து நடந்தாள். வெகு தூரம் வரை அந்தச் சத்தமும் அதன் பதிலும் கூடவே வந்தன.

வேருக்கடியில் வளைகள் நிறையத் தீனி இருந்தது. அதன்மேல் உட்கார்ந்தபடியே அந்தக் காடு பட்டினி கிடந்தது.

உழைக்கிறவனைப் பார்க்காமல் அவனை அளக்கும் கோலையே பார்த்துக்கொண்டிருந்தால், கடைசியில் கோல் மட்டும்தான் மிஞ்சும்.