ஒயிட்னருக்கு அடியில் ஒரு ஸ்வரம்

அநியாயம் நடந்தது பெர்னதெத்துக்கு. செய்தவர் அவளுடைய பியானோ மிஸ். பெர்னதெத்தின் இசைத்தாளில் இருந்த ஒரு ஸ்வரத்தின் மேல், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஒயிட்னரைத் தடவிவிட்டார்.

ஒரே ஒரு ஸ்வரம்தான். ஆனால் அதே பாட்டைப் படிக்கும் மெல்டனின் தாளில் அது கறுப்பாக, ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

பெர்னதெத் விடுவாளா? கல்லூரியில் அவள் எழுந்து நின்றாலே பேராசிரியர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். தாளைச் சுருட்டிக்கொண்டு நேரே மிஸ் வீட்டுக்கு வந்தாள்.

“மிஸ், யாரைக் கேட்டு இதை அழிச்சீங்க?”

ஜெனோவா மிஸ் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். அவளைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர்.

“இடது கையைக் காட்டு.”

காட்டினாள். பெருவிரலின் அடி வீங்கியிருந்தது.

“அதான் அழிச்சேன்.”

“வீக்கம் வத்திரும் மிஸ். மெல்டன் தாள்ல ஏன் அழிக்கல?”

“அவன் கை பனையோலை மாதிரி விரியும்.”

“கை பெருசுன்னா முழுப் பாட்டு, சின்னதுன்னா முக்கால் பாட்டா? எழுதினவர் ஆம்பள. பியானோ செஞ்சவனும் ஆம்பள. கட்டையோட அகலத்தை எந்தப் பொம்பள கையை வச்சு அளந்தாங்க?”

“எந்தப் பொம்பள கையையும் வச்சு அளக்கல,” என்றார் மிஸ். “அது அநியாயந்தான்.”

பெர்னதெத் தடுமாறிப்போனாள். எதிராளி ஒத்துக்கொண்டால் அவளுக்குப் பேச்சே வராது.

மிஸ் பழத்தோலை ஜன்னல் வழியே ஆட்டுக்குப் போட்டார்.

பாட்டு ரொம்பப் பழையது. ஐரோப்பாவில் யாரோ ஒருவர் நெஞ்சு வெடிக்க எழுதிவைத்துவிட்டுப் போனது. அதன் நடுவில் ஓர் இடம் வரும். வலது கை மேலே எங்கோ அழுதுகொண்டிருக்கும். இடது கை ஆகக் கீழே உள்ள கட்டையில் ஓங்கி இறங்கி, உடனே தாவி ஏறி, மூன்று ஸ்வரங்களை ஒரே பிடியாகப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் பாட்டு ஒரு மூச்சு நிற்கும்.

அந்த ஒரு மூச்சுக்காகத்தான் பெர்னதெத் இந்தப் பாட்டையே எடுத்தாள்.

மூன்றாவது ஸ்வரம் பெருவிரலுக்கு உரியது; மிஸ் அழித்தது அதைத்தான். மாதக்கணக்காக அவள் பெருவிரல் பக்கத்துக் கட்டை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

“ஒண்ணு ஒண்ணா உருட்டி வாசிக்கட்டுமா மிஸ்?”

“அது கதவைத் தட்டுற மாதிரி இருக்கும். இங்க கதவு தானாத் திறக்கணும்.”

“அப்போ அந்த ஸ்வரம் இல்லாம ஞாயித்துக்கிழமை கச்சேரிக்கு நான் மேடை ஏறல. மெல்டனே வாசிக்கட்டும்.”

“சரி.”

“என்ன சரி?”

“ஏறாத. போறதுக்கு முன்னாடி இங்க வா.”

மிஸ் பியானோவின் முன்பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். உள்ளே, வரிசையாக நின்ற கம்பிகளுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன பல்பு எரிந்துகொண்டிருந்தது.

“இது எதுக்கு மிஸ்?”

“தூத்துக்குடி உப்புக்காத்து. சூடு இல்லன்னா கம்பி துருப்பிடிச்சிரும்.”

பள்ளிக்கூடத்து நாளிலிருந்து அந்தப் பியானோவின் முன்னால் உட்கார்ந்தவள், அதன் வயிற்றுக்குள் விளக்கு எரிவதை அன்றுதான் பார்த்தாள்.

மிஸ் அந்த மூன்றாவது ஸ்வரத்தின் கட்டையைச் சத்தம் எழாதபடி மெல்ல அமுக்கிப் பிடித்துக்கொண்டார். கம்பியை அணைத்துக்கொண்டிருந்த கம்பளித் துண்டு ஒன்று விலகியது.

“ஆகக் கீழே அடி. அடிச்சதும் கையை எடுத்துரு.”

அடித்தாள். இடி போல் ஒன்று எழுந்து, அறுந்தது.

அறுந்த இடத்தில் ஏதோ மிச்சமிருந்தது. மெலிதாக. மேலே.

“மிஸ், நீங்க அடிச்சீங்க!”

“நான் பிடிச்சிட்டு இருக்கேன். அடிக்கல. கீழ்க்கம்பி அதிர்ந்தா இதுவும் தானா அதிரும்.”

மறுபடி அடித்தாள். மறுபடி வந்தது.

எட்டி அந்தக் கம்பியை விரல் நுனியால் தொட்டாள். பூனைக்குட்டியின் நெஞ்சு போல அது துடித்தது. தொட்டதும் அடங்கிவிட்டது.

“மேடையில யாரு மிஸ் அமுக்கிப் பிடிக்கிறது?”

“பெடல் எதுக்கு இருக்கு? மிதிச்சா எல்லாக் கம்பளியும் விலகும். இப்போ பாட்டை வாசி. பெருவிரலைச் சும்மா வை.”

வாசித்தாள். அந்த இடம் வந்தது. கீழே இறங்கினாள், பெடலை மிதித்தாள், ஏறினாள், இரண்டு ஸ்வரங்களை மட்டும் பிடித்தாள். பெருவிரல் முதல் தடவையாக எங்கும் ஓடாமல் இருந்தது.

பாட்டு நின்றது.

பெரிய சத்தங்கள் முதலில் ஓய்ந்தன. பிறகு மற்றவை. எல்லாம் ஓய்ந்துகொண்டிருக்க, விளக்கு வெளிச்சத்துக்குள்ளிருந்து, அவள் தொடாத அந்த ஸ்வரம் வந்தது.

மூச்சு விட்டால் போய்விடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அது போன பிறகும் நெடுநேரம் பெடலில் இருந்து காலை எடுக்கவில்லை.

கடைசியில், பழக்கதோஷம், வாய் திறந்தது. “கடைசி வரிசைக்குக் கேட்காதே மிஸ்.”

“முதல் வரிசைக்கே கேட்காது.”

பெர்னதெத் தாளில் இருந்த வெள்ளைத் தடத்தைப் பார்த்தாள்.

“நகத்தால சுரண்டினா ஒயிட்னர் வந்துரும். வேணும்னா எடுத்துக்கோட்டி,” என்றார் மிஸ்.

நகத்தை வைத்தாள். சுரண்டவில்லை.

வாசலில் பைக் சத்தம் கேட்டது. மெல்டன் வகுப்புக்கு வந்துவிட்டான்.

“மிஸ்,” என்றாள் தாழ்ந்த குரலில், “மெல்டனுக்கு இது எப்பவாவது கேட்டிருக்குமா?”

மிஸ் முன்பலகையைத் தூக்கி மாட்டினார்.

“எப்படிக் கேட்கும்? பாவம், அவனுக்குத்தான் கை எட்டிடுதே.”