சாவடியில் பழுத்த மாம்பழம்

முன்னொரு காலத்தில், மாங்கனிக்குப் பேர்போன தென்கரை நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் போட்ட உத்தரவை மத்தியானமே மறந்துவிடுவான். மறக்காத உத்தரவுகள்தான் ஆபத்து. அவற்றில் ஒன்று: "மரத்திலேயே பழுத்த பொன்னிறப் பழம்தான் வெளிநாடு போகவேண்டும். காய் போனால் என் மானம் போகும்!"

ஆற்றுக்கு அக்கரையில் வடகரை நாடு. அவர்கள் வெண்ணெய் இங்கே வரவேண்டும், நம் மாம்பழம் அங்கே போகவேண்டும் என்று மந்திரி கூத்தபிரான் ஓர் ஒப்பந்தம் செய்துவைத்தார். வெண்ணெய் வழுக்கிக்கொண்டு வந்தது. மாம்பழம்தான் அவர்கள் சுங்கச்சாவடியில் மாட்டிக்கொண்டது. "புழு வருகிறதா என்று பார்க்கவேண்டும்" என்று ஒரு வாரம் பூட்டிவைப்பார்கள். கனிந்த பழம் ஒரு வாரம் தாங்குமா? அழுகியதும் ஆற்றில் கொட்டிவிடுவார்கள். வயிறெரிந்த தோப்புக்காரர்கள் மாமரங்களை வெட்டக் கோடரி தீட்ட ஆரம்பித்தார்கள்.

மந்திரி பதவிமேல் கண் வைத்திருந்த படையை நடத்தும் தளவாய் வல்லபராயனுக்கு இது போதாதா?

"மகாராஜா, வெண்ணெயை வாங்கிக்கொண்டு மாம்பழத்தை மீனுக்குப் போடும் ஒப்பந்தம் நம் மந்திரியாரின் மூளையில்தான் உதிக்கும்!"

ராஜா உறுமினான். "கூத்தபிரானே, அடுத்த பாரமும் அழுகினால் நீர் என் எருமைகளை மேய்க்கப் போகலாம்."

மந்திரி யோசித்தார். எருமையைக்கூடச் சமாளித்துவிடலாம், அந்தக் கோடரிகளை எப்படித் தடுப்பது? மறுநாள் காலை சாவடிக்கே போய்ப் பார்த்தார். காற்று நுழையாத கொட்டகை. பழத்துக்குக் கீழே முழங்காலளவு வைக்கோல், மேலேயும் வைக்கோல்.

"நசுங்காமல் இருக்கத்தான்" என்று பெருமையாகச் சொன்னான் காவலன். பாவம், மாட்டைத் தவிர வேறொன்றும் அறியாத நாடு! மந்திரி சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு திரும்பினார்.

அடுத்த பாரத்தில் நன்றாக முற்றிய பச்சைக் காய்களை ஏற்றி அனுப்பினார். தளவாய் வண்டியிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு சபைக்கு ஓடினான்.

"உத்தரவை மீறிவிட்டார் மகாராஜா! இது பழமா, பாருங்கள்!" என்று கடித்துக் காட்டினான். புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "கூத்தபிரானே, கிளம்பும் எருமைக் கொட்டிலுக்கு!"

"உத்தரவு மகாராஜா. ஒரு வாரம் மட்டும் அவகாசம் கொடுங்கள். மேய்க்கக் கம்பு சீவவேண்டும்."

வாரம் கழிந்தது. வடகரைத் தூதர் முழங்கை வரை மாம்பழச் சாறு வழிய ஓடிவந்தார்.

"மகாராஜா! கொட்டகையைத் திறந்ததும் வாசனை எங்கள் அரண்மனைக்கே வந்துவிட்டது. மன்னர் இன்னும் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். இனிமேல் சோதனையே வேண்டாம், நேராக அனுப்புங்கள்!"

மந்திரி பதறினார். "ஐயையோ, சோதனையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்! முடிந்தால் இன்னும் கொஞ்சம் வைக்கோல் போடுங்கள்."

"காய்தானே போனது?" என்று விழித்தான் ராஜா.

"நம் தோப்புக்காரர்கள் காயை வைக்கோலில் மூடித்தானே பழுக்கவைப்பார்கள், மகாராஜா? அந்த வேலையை இப்போது வடகரை அரசாங்கமே காவல் போட்டுச் செய்துகொடுக்கிறது."

சபை குலுங்கிச் சிரித்தது. ராஜாவும் கண்ணில் நீர் வரச் சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான்.

"அது சரி, கம்பு சீவியாகிவிட்டதா?"

"வழவழவென்று சீவிவிட்டேன், மகாராஜா."

"அதைத் தளவாயிடம் கொடும்."

அன்றுமுதல் தோப்புக்காரர்கள் கோடரியை விறகுக்கு மட்டும் எடுத்தார்கள். தென்கரை எருமைகளோ, படை போல வரிசை தப்பாமல் மேயப் போயின.