அக்கரையில் நின்ற நரி

கிட்ட வந்து உட்காருங்கள் பிள்ளைகளே. கால் ஆட்டாமல் கேளுங்கள். இந்தக் கதையில் வருகிறவர்கள் ஆடுகிற ஆட்டமே போதும்.

ஒரு காட்டில் ஒரு கரடி சினிமா எடுத்துக்கொண்டிருந்தது. ஆற்றுக்கு இக்கரையில் அந்தக் காடு. அக்கரையில் இன்னும் நான்கு காடுகள். ஐந்தும் ஒரே கூட்டணி. நடுவில் ஒரு மரப்பாலம். யாரும் போகலாம், யாரும் வரலாம். ஒரு காட்டில் எடுத்த படம் ஐந்து காட்டிலும் ஓடும்.

கரடியின் படத்தில் கதாநாயகன் இக்கரை மயில். வில்லன் அக்கரைச் சிறுத்தை. விளக்குக்கு அக்கரை மின்மினிகள். ஒவ்வொரு காட்டுப் பேச்சிலும் குரல் கொடுக்க அக்கரைக் கிளிகள்.

நரிக்கும் ஒரு வேஷம் உண்டு. முதல் அடியிலேயே விழுந்துவிடும் அடியாள் வேஷம். எல்லாப் படத்திலும் அதேதான்.

ஒருநாள் நரி பாறைமேல் ஏறிக் கத்தியது. "நம்ம காட்டுப் படத்துல அக்கரை ஆளுக்கு என்ன வேலை? கூட்டணியே வேண்டாம்! பாலத்தை எடுங்க!"

"எடுங்க, எடுங்க!" என்று காடே கத்தியது.

கரடிக்கு இருப்புக் கொள்ளவில்லை. இங்கும் அங்கும் நடந்தது. "நரித்தம்பி, கடைசிச் சண்டை இன்னும் எடுக்கலையேப்பா. சிறுத்தை இல்லாம எப்படி?"

"டைரக்டர் அண்ணே, நம்ம முயல் இல்லையா? கொஞ்சம் புள்ளி வெச்சா சிறுத்தைதான்!"

கரடி தலையைச் சொறிந்தது. ஊரே கத்தும்போது தான் மட்டும் என்ன சொல்வது என்று அதுவும் கை தூக்கிவிட்டது.

சிறுத்தையும் கிளிகளும் மின்மினிகளும் அக்கரைக்குப் போய்விட்டன. யானைத் தலைவர் வந்து பாலத்து மரத்தை ஒரே தள்ளாகத் தள்ளினார். அது மிதந்து போய் அக்கரையில் ஒதுங்கியது. ஒரே மேளம், ஒரே கும்மாளம். அந்தச் சத்தத்தில் நரி எந்தக் கரையில் நின்றது என்று யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் சண்டைக் காட்சி. உடம்பெல்லாம் கரிப்புள்ளி வைத்துக்கொண்டு முயல் வந்து நின்றது.

"ஏய் மயிலே, உன்னை விடமாட்டேன்!" என்று கீச்சிட்டது.

மயில் கத்தியைக் கீழே போட்டது. "இவனையா நான் அடிக்கணும்? பார்த்தா தூக்கி வெச்சுக்கத் தோணுதே அண்ணே!"

எப்படியோ எடுத்து முடித்தார்கள். விளக்கு இல்லாததால் பாதிப் படம் இருட்டு. காட்டில் இருந்தவர்கள் ஒரு தடவை பார்த்தார்கள். மான்குட்டிகள் வில்லனைப் பார்த்துச் சிரித்தன. அதோடு சரி. வேறு எந்தக் காட்டில் ஓட்டுவது?

"அண்ணே, அடுத்த படம் உண்டா, இல்லை நான் வேற பொழைப்பு பார்க்கட்டுமா?" என்றது மயில்.

கரடி உடனே ஆற்றங்கரைக்கு ஓடியது.

அக்கரையில் பொழுது சாய்ந்தும் பகல்போல வெளிச்சம். மின்மினிகள் கிளைகிளையாய்த் தொங்கின. சிறுத்தை உறுமிப் பழகிக்கொண்டிருந்தது. கிளிகள் வசனம் படித்தன. நடுவே, பாலத்து மரத்தின்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது நரி.

"அடேய் தம்பி! நீயா?" என்று கரடி கத்தியது. "அந்த மரத்தை இப்படிப் போடுடா! நாங்களும் வர்றோம். மயில் வேலையில்லாம நிக்குது!"

"ஐயோ அண்ணே, அக்கரை ஆளுங்களைச் சேர்க்கக்கூடாதே!"

"எவன் சொன்னான்?"

"நீங்கதான். கை தூக்கினீங்களே!"

"நீயும் இந்தக் காட்டு நரிதானேடா?"

"பாலம் எடுத்த அன்னைக்கு நான் இந்தப் பக்கம் நின்னுட்டேனே அண்ணே."

சொல்லிவிட்டு நரி ஆற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, வாலை உயர்த்தி, "லைட்! கேமரா! ஆக்‌ஷன்!" என்றது.

நீதி: பாலத்தை எடுக்கச் சொல்பவன் எந்தக் கரையில் நிற்கிறான் என்று முதலில் பார்.