ஓட்டைத் தகடு

ஒன்பது தேனீப் பெட்டியில் எட்டு பாழ். தேனீக்கள் கூட்டைவிட்டுப் போய்விட்டன. போக வைத்தவர் கரிவரதன்.

நோய் இல்லை, எறும்பு இல்லை, மழை இல்லை. அவர்தான்.

உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு. தோப்புக்குள் ஒரு பிராய்லர் ஷெட், இரண்டாயிரம் கோழி. குஞ்சு இறக்கிய இரண்டாவது வாரம் கழிச்சல் வரும். வந்தால் மருந்துத் தண்ணீர். அந்த மருந்தைக் குடித்த கோழியை ஊரார் தின்பது அவருக்கு உறுத்தியது. அறுபது வயதில் வேறு வழி கேட்டுப் போனார்.

போனது பூங்கோதையிடம். தேனீ வளர்ப்பு சொல்லித் தருகிறவள். அவரைவிட இருபது வயது இளையவள். அவர் அவளை டீச்சர் என்றார். அவளிடம் கற்றுத்தான் தோப்பில் ஒன்பது பெட்டி வைத்தார்.

மகரந்தத்தைத் தீவனத்தில் கலந்து பாருங்கள் என்றாள். பெட்டி வாசலில் ஓட்டைத் தகடு ஒன்றை மாட்ட வேண்டும். தேனீ அதில் நெருக்கி நுழையும்போது காலில் ஒட்டிய மகரந்தம் உதிர்ந்து கீழே தட்டில் விழும். ஒரு நாள் காலை மாட்டுங்கள், இரண்டு நாள் கழற்றி வையுங்கள் என்றும் சொன்னாள். அந்தக் கடைசிப் பேச்சு அவர் காதில் ஏறவில்லை.

கோழி தேறியது. கண் தெளிந்தது, கால் ஊன்றி ஓடியது. அந்த முறை செத்தவை பத்துக்குள் அடங்கின. கரிவரதனுக்குத் தலைகால் புரியவில்லை. ஓட்டை பெரிதாகப் பட்டது. பாதி மகரந்தம் உள்ளே போய்விடுகிறதே. இன்னும் சின்னதாகத் துளையிட்டுத் தாமே தகடு செய்தார். விடிந்ததும் மாட்டுவார், பொழுது சாயத்தான் கழற்றுவார். இப்படி நாற்பது நாள்.

வாசலில் தேனீ முட்டி மோதுகிறது என்று மனைவி துளசிமணி இரண்டு தரம் சொன்னாள். தேனீக்கு நீ வக்கீலா என்று கேட்டார். மூன்றாம் தரம் அவள் சொல்லவில்லை.

பெட்டி ஒவ்வொன்றாக அடங்கியது. எட்டாவதும் அடங்கிய மறுநாள் டீச்சருக்கு ஆள் அனுப்பினார்.

பூங்கோதை வந்தாள். காலிப் பெட்டி ஒன்றைத் திறந்தாள். அடையில் தேனீக் குஞ்சான புழு இருந்த இடமெல்லாம் காய்ந்து கிடந்தது. திட்டட்டும் என்று நின்றார். அவள் திட்டவில்லை.

"எதனால போச்சுங்க டீச்சர்?"

தீவன மூட்டை ஒன்றைத் தோளில் ஏற்றிக்கொள்ளச் சொன்னாள். ஷெட் கதவை ஆள் ஒருக்களித்து நுழையும் அளவு விட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள போங்கண்ணா."

"மூட்டையோட எப்படிங்க போறது?"

"போங்க."

போனார். மூட்டை இடித்தது. பக்கவாட்டில் திரும்பினார். முழங்கை சிராய்த்தது. அவள் கதவை விடவில்லை. கடைசியில் மூட்டையை வெளியே போட்டுவிட்டு வெறும் ஆளாக உள்ளே நுழைந்தார்.

டீச்சர் வருகிற பரபரப்பில் அன்று காலைத் தீவனம் போட்டிருக்கவில்லை. அத்தனை கோழியும் அவர் காலடிக்கு ஓடிவந்தன. கையைப் பார்த்தன. செருப்பைக் கொத்தின.

வெளியிலிருந்து அவள் குரல் வந்தது. "அதுககிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

கரிவரதனுக்கு இப்போதுதான் உறைத்தது. பெட்டிக்குள் புழுவுக்கு மகரந்தம்தான் சோறு என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். கதவு முழுக்கத் திறந்தது. மூட்டையை அவளே உள்ளே தள்ளினாள். முதலில் பசியாற்றுங்கள், அழுகையெல்லாம் அப்புறம் என்றாள்.

போட்டு முடித்து வந்தவர் தென்னை ஓரமாக உட்கார்ந்தார். தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டுக் குடும்பத்தைப் பட்டினி போட்ட கை.

மிச்சம் இருப்பது ஒன்பதாவது பெட்டி. கிணற்றடியில், மோட்டார் ரூமுக்குப் பின்னால் இருந்தது. அதன் தட்டில் மட்டும் எப்போதும் ஒரு சிட்டிகைதான் விழும். சோம்பேறிப் பெட்டி என்று பேர் வைத்திருந்தார். அதையும் தொலைத்துக்கட்டத்தான் நினைத்திருந்தார்.

பூங்கோதை அதைத் திறந்தாள். அடை நிறையப் புழு, வெண்ணெய் மாதிரி. இந்த ஒன்றைப் பக்குவமாகப் பிரித்தால் இரண்டு வருஷத்தில் ஒன்பதும் திரும்பிவிடும் என்றாள். இதுவும் போயிருந்தால் இந்தத் தோப்பில் அந்தப் பேச்சே இல்லை என்றாள்.

"இதுக்கும் அதே தகடுதானுங்க மாட்டினேன். இது மட்டும் எப்படிங்க தப்பிச்சுது? நீங்க எப்பவாச்சும் வந்து பார்த்தீங்களா?"

"நான் இன்னிக்குத்தானே வர்றேன். நீங்க காலையில ஷெட்டுக்குள்ள போனதும் கழட்டிடுவாங்களாம். சாயங்காலம் நீங்க வர்றதுக்குள்ள திரும்ப மாட்டிடுவாங்களாம். இப்ப நான் வரும்போது வீட்டு வாசல்ல பார்த்துச் சொன்னாங்க."

யார் என்று அவர் கேட்கவில்லை.

"ஒன்பதையும் கழட்டியிருக்கலாமே."

"மத்த எட்டும் ஷெட்டுல இருந்து பார்த்தாத் தெரியுமாம். நீங்க பார்த்துட்டா இதுவும் போயிரும்னு பயந்திருக்காங்க."

கிணற்றடியில் தேனீ போவதும் வருவதுமாக இருந்தது. காலில் மஞ்சள். தடுக்க ஆளில்லை. பூங்கோதை பெட்டியை மூடிவிட்டுக் கிளம்பத் தயாரானாள்.

"டீச்சர், நான் கத்துக்கிட்டதெல்லாம் தப்பாப் போச்சு. மறுபடி முதல்ல இருந்து கத்துக்கணும். நாளைக்கு உங்ககிட்ட வரட்டுங்களா?"

"எங்கிட்ட எதுக்குங்கண்ணா? துளசிமணி அக்காகிட்டப் போங்க."