எதையும் வாங்காத டாங்க்

ஒரு கடற்கரை ஊரில், ஒரு பழைய பைபர் படகில், சிவப்புத் தகர டாங்க் ஒன்று இருந்தது. பெட்ரோலைச் சுமந்து எஞ்சினுக்குக் கொடுப்பது அதன் வேலை. அதன் மூடியில் சின்னதாக ஒரு காற்றுத் திருகு. படகு கரையலையைத் தாண்டும்போது தண்ணீர் புகாமலிருக்க அந்தத் திருகை மூடுவார்கள், தாண்டியதும் திறந்துவிடுவார்கள். அந்தக் கரையில் எல்லாருக்கும் அதுதான் பழக்கம்.

போன வாரம் மூட மறந்துவிட்டார்கள். உப்புத் தண்ணீர் உள்ளே போய், எஞ்சின் இருமி இருமி நின்றது. படகுக்காரர் தொம்மை டாங்கைக் கவிழ்த்துக் கழுவும்போது, "சனியன், கண்டதையும் குடிச்சு வச்சிருக்கு" என்று திட்டினார். டாங்க் கூனிக் குறுகிப் போயிற்று. இனி வெளியிலிருந்து எதையும் வாங்குவதில்லை, கொடுப்பது மட்டுமே நம் வேலை என்று அன்றைக்கே முடிவு செய்தது.

இன்று அலை தாண்டியதும், தொம்மையின் மனைவிக்குத் தம்பியான இன்னாசி, ஈரக்கையோடு திருகைப் பிடித்தான். உப்பேறி இறுகிய திருகு.

"அசையாதே" என்று டாங்க் கெஞ்சியது.

"நான் திறந்தால்தானே உனக்கு மூச்சு?" என்றது திருகு.

"என்னிடம் நிறைய இருக்கிறது. எனக்கு ஒன்றும் வேண்டாம்."

திருகு அசையவில்லை. இன்னாசியின் விரல்தான் அதன் மேல் வழுக்கிச் சுற்றியது. திறந்துவிட்டோம் என்று நினைத்து அவன் கையைத் துடைத்துக்கொண்டான்.

எஞ்சின் கொஞ்ச தூரம் நன்றாகவே ஓடியது. பாறைகள் வரிசையாகத் தலைநீட்டும் இடத்துக்கு எதிரே வந்ததும் சுணங்கியது, விக்கியது, நின்றது. தென்காற்று படகைப் பாறைப் பக்கம் தள்ளத் தொடங்கியது. நங்கூரம் போட்டுப் பார்த்தார்கள். அடியில் வழுக்குப்பாறை, பிடிக்கவில்லை.

"காத்துத் திருகு திறந்தியா மாப்ள?"

"திறந்தாச்சு அத்தான்."

"உங்க அக்காவும் உப்புப் போட்டாச்சுன்னு இப்படித்தான் சொல்லுவா."

"அத வீட்டுல போய்ச் சொல்லுங்க, பாப்போம்."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. பாறையில் அலை உடையும் சத்தம் கேட்டது.

டாங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே, குழாயில் ஒரு ரப்பர் பந்து உண்டு. அழுத்தி விட்டால் அது டாங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து எஞ்சினுக்கு அனுப்பும். தொம்மை அழுத்தினார். பந்து சப்பையாயிற்று. மறுபடி உப்பவில்லை.

"கொடேன்!" என்று பந்து கத்தியது.

"கொடுக்கிறேனே, இழு!" என்றது டாங்க்.

"உயிரைக் கொடுத்து இழுக்கிறேன். வரவில்லை."

இன்னாசி குழாயில் இருந்த வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தான். தூசி இல்லை. மாட்டினான். எஞ்சினுக்குள் பெட்ரோல் வந்து சேரும் கார்புரேட்டரின் கிண்ணத்தைத் திறந்தான். அடியில் ஈரம்கூட இல்லை. "பட்டினி கிடக்கிறவனைப் பிடித்து வயிறு கழுவுகிறார்களே!" என்று கார்புரேட்டர் புலம்பியது. அதையும் மாட்டினான். அவசரத்தில் ஒரு மரை இரண்டு தடவை நழுவி விழுந்தது.

டாங்க் பயத்தில் விறைத்து நின்றது. உள்ளே பெட்ரோல் முக்கால்வாசி இருந்தது. கொடுக்க மனமும் இருந்தது. ஆனாலும் ஒரு சொட்டுகூட நகரவில்லை. அதன் சுவர்களை எதுவோ உள்ளிருந்து பிடித்து இழுத்தது.

"இதுவரை கொடுத்தாயே, அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?" என்று பந்து மூச்சிரைக்கக் கேட்டது.

"ஒன்றுமில்லை."

"அந்த ஒன்றுமில்லாததுதான் பெட்ரோலை வரவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது."

டாங்குக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? திருகை அதனால் திறக்க முடியாது. மனிதர்களுக்குச் சொல்ல வாயும் இல்லை. விறைப்பைத் தளர்த்தினால் உடம்பு நொடித்துவிடும். குழி விழுந்த டாங்க் என்று கரை முழுக்கப் பேசும்.

படகின் முனை பாறையைப் பார்த்துத் திரும்பியது. தொம்மை அந்தோணியாரைக் கூப்பிட்டுக்கொண்டே இன்னொரு தடவை பந்தை அழுத்தினார்.

டாங்க் தன்னை விட்டுக்கொடுத்தது. டொம்மென்று விலா உள்ளே குழிந்தது.

தொம்மை திரும்பினார். "டாங்கு நொடிக்குதுல! திருகு மூடிக் கெடக்கு! குறடு எங்க?"

"திறந்தேனே அத்தான்..."

"கிழிச்ச! குறட எடு!"

குறடு கடித்தது. திருகு முனகிச் சுழன்றது. உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. பந்து தொம்மையின் உள்ளங்கையில் உப்பியது. அவர் அழுத்த அழுத்த அது இறுகியது. இன்னாசி எஞ்சின் கயிற்றை இழுத்தான், கிளம்பவில்லை. மறுபடி இழுத்தான்; எஞ்சின் உறுமியது. பாறையில் ஒட்டிய சிப்பிகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் படகு திரும்பியது.

வெகுதூரம் போன பிறகும் டாங்குக்கு ஒரு கவலை இருந்தது.

"காற்றோடு உப்புத் துளி ஒன்றும் வந்துவிட்டது" என்று அது வடிகட்டியிடம் மெல்லச் சொன்னது.

"என்னிடம் அனுப்பு. நான் பிடித்து வைத்துக்கொள்கிறேன்" என்றது வடிகட்டி. "எல்லாவற்றையும் நீயே தடுக்க வேண்டுமென்றால், எனக்கு இங்கே என்ன வேலை?"

டாங்க் அனுப்பியது. அனுப்பிய அளவுக்குக் காற்றை வாங்கிக்கொண்டது.