குழாயடியில் நிற்கிற பிள்ளை

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது சங்கரவடிவு அக்கா. என் மூத்தவளுக்கு வளைகாப்பு நடந்த அன்றைக்கு, வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னாள். ஒரு சாமியின் ஆசிரமத்தில் அவள் பத்து வருஷம் சமையல்.

சாமிக்கு எழுபது தாண்டிவிட்டது. பார்க்கின்சன் நோய். கை நடுங்கும், முகம் அசையாது. விடிகாலையில் காரணமே இல்லாமல் கண்ணீர் வழியும். ஜனங்கள் அதைச் சமாதி நிலை என்று விழுந்து கும்பிட்டார்கள். சீடர் குற்றாலிங்கமும் அப்படியே நம்பினார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். தெய்வத்தை ஒருதரம் கண்ணால் பார்த்துவிட மாட்டோமா என்று ஏங்கிக் கிடந்தவர்.

ஒருநாள் சாமி முற்றத்துக் குழாயைப் பார்த்தார்.

"பச்சைப் பாவாடை. சின்னப் பிள்ளை. நனைஞ்சு நிக்கா."

அங்கே யாரும் இல்லை.

"பச்சைன்னா மீனாட்சிதான்!" என்றாள் கும்பிட வந்த ஒருத்தி.

சாயங்காலத்துக்குள் குழாய்க்கு மஞ்சள் துணி, குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று.

"தெய்வத்தைத் திருகித் தண்ணி பிடிக்கக் கூடாதுன்னுட்டாங்க. தெருமுனையிலேர்ந்து குடம் தூக்கினது நான்தான்" என்று அக்கா சிரித்தாள்.

டாக்டர் வந்து பார்த்தார். குற்றாலிங்கத்தைத் தனியே கூப்பிட்டார்.

"நோயும் மாத்திரையும் சேர்ந்து இப்படிக் காட்டுது. அந்த அழுகையும் இந்த நோயோட சேர்ந்ததுதான். இந்தச் சீட்டுல எழுதினபடி மாத்திரையை மாத்திக் கொடுங்க. அந்தக் குழந்தை வராது."

குற்றாலிங்கம் சீட்டை மடித்து வேட்டி மடியில் செருகிக்கொண்டார். நாலு நாள் பழைய மாத்திரையையே கொடுத்தார். சாமிக்குச் சோறு இறங்கவில்லை. குழாயை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை.

ஐந்தாம் நாள் குற்றாலிங்கம் காலடியில் உட்கார்ந்தார்.

"சாமி, எனக்கும் ஒருதரம் காட்டக் கூடாதா? முப்பது வருஷமாக் கும்பிடுதேன்."

"யாரைவே?"

"மீனாட்சியை."

"நீர் தபால்காரர்தானே? விலாசம் பாக்காமலா கொடுப்பீரு?"

குற்றாலிங்கத்துக்கு விளங்கவில்லை.

"அவ பேரு கோமு. என் மக. ஏழு வயசு. குழாயடியில குளிச்சிட்டு, 'அப்பா, துண்டு'ன்னா. இந்தா வாரேன்னு சொல்லிட்டு வாசலைத் தாண்டினவன்தான் நான். சாமியாராகிட்டேன். இப்ப அவளுக்கு நாப்பத்தஞ்சு இருக்கும். எங்க இருக்காளோ."

"அப்போ இங்க வந்து நிக்கது?"

"நோய்தான்வே. எனக்குத் தெரியாதா? கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கா."

குற்றாலிங்கம் மடியிலிருந்து சீட்டை எடுத்தார். சாமி முன்னால் விரித்து வைத்தார்.

"நாலு நாளா மறைச்சிட்டேன், சாமி. இதுபடி கொடுத்தா... அந்தப் பிள்ளை வராதாம்."

சாமி சீட்டையே வெகுநேரம் பார்த்தார். முகம் அசையவில்லை.

"நாளையிலேர்ந்து அதுல உள்ளபடி தாரும்."

"சரி, சாமி."

"அந்த மஞ்சத் துணியை அவுத்துரும்."

"சரி, சாமி."

"இப்ப உள்ள போயி, நல்லாக் காய்ஞ்ச துண்டா ஒண்ணு எடுத்து, குழாயடியில வச்சிட்டு வாரும்."